பாதியில் நின்ற அடி: தண்டலத்தில் சேர்ந்து பாடுவது பற்றிச் சில குறிப்புகள்

1

கம்பரைப் பற்றி ஒரு செவிவழிக் கதை உண்டு. ஏற்றம் இறைக்கிறவன் ஒருவன் பாடிக்கொண்டிருக்கிறான். மூங்கில் இலையைப் பற்றி ஒரு அடி. அடுத்து என்ன வரப்போகிறது என்று கம்பர் நின்று கேட்கிறார். அதற்குள் இறைப்பு முடிந்துவிடுகிறது. அவன் பாட்டைப் பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுகிறான். மறுநாள் ஏற்றம் தொடங்கும்வரை காத்திருந்து மீதியைக் கேட்டுக்கொண்டு போனார் கவிச்சக்கரவர்த்தி என்று கதை முடியும். நாட்டுப்புறக் கவித்துவத்துக்குப் பெரும்புலவர் வழங்கிய நற்சான்றிதழாகவே தமிழாசிரியர்கள் இதைச் சொல்லி வந்திருக்கிறார்கள்.

கதையை நாம் வேறு பக்கத்திலிருந்து வாசிக்கலாம். பாட்டை நிறுத்தியது பாடினவன் இல்லை, வேலை. வேலை நின்றால் பாட்டும் நிற்கிறது. ஏற்றப்பாட்டு வெறும் களைப்பு தீர்க்கிற பாட்டும் இல்லை. எத்தனை சால் இறைத்தாச்சு என்று எண்ணுகிற கணக்கும் அதற்குள்ளேயே இருந்தது. பாடியவன் தன் உழைப்பைத் தானே அளந்து ஒப்படைத்துக்கொண்டிருந்தான். 'ஏற்றப்பாட்டுக்கு எதிர்ப்பாட்டு இல்லை' என்ற பழமொழியையும் இந்த இடத்தில் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆக, 'உழைக்கும் மக்கள் எப்போதும் சேர்ந்து பாடிக்கொண்டிருந்தார்கள், முதலாளியம் வந்து அதைக் கெடுத்துவிட்டது' என்கிற சௌகரியமான கதையாடலை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிடலாம். சேர்ந்து பாடுவதற்குள் அதிகாரம் எப்போதும் இருந்திருக்கிறது. யார் எடுப்பது, யார் வாங்குவது, எப்போது நிறுத்துவது என்பவை அழகியல் கேள்விகளாக மட்டும் ஒருபோதும் இருந்ததில்லை.

2

தண்டலம், பூந்தமல்லிக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் நடுவே பெங்களூர் நெடுஞ்சாலையை ஒட்டின ஊர். பக்கத்தில் செம்பரம்பாக்கம் ஏரி. 1998ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியது. அதற்குப் பிறகு இந்த வட்டாரத்தில் நிலம் எப்படி மாறியது, ஆட்கள் எப்படி மாறினார்கள் என்பதைப் பற்றி எழுதியாயிற்று. நேரம் எப்படி மாறியது என்பது பற்றித்தான் யாரும் அதிகம் பேசவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் நாங்கள் மூன்று பேர் அங்கே ஒரு கடை மாடியை ஞாயிற்றுக்கிழமை சாயங்காலங்களுக்கு மட்டும் பேசி எடுத்து, வேலைக்குப் போகிற பிள்ளைகளைச் சேர்த்துப் பாட வைக்கலாம் என்று ஆரம்பித்தோம். கூட்டம் போட்டுப் பேசினால் வரமாட்டார்கள், பாட்டென்றால் வருவார்கள் என்பது எங்கள் கணக்கு. (இந்தக் கணக்கிலேயே ஒரு களவு இருக்கிறது. பாட்டைத் தூண்டிலில் புழுவாக மாட்டுகிற களவு. அது பிறகு.) முதல் வாரம் பதினான்கு பேர் வந்தார்கள். தர்மபுரி, விழுப்புரம் பக்கத்துப் பெண்கள், ஒடிசாவிலிருந்து வந்த பையன்கள், உள்ளூர்க்காரர்கள் இரண்டு பேர். அடுத்த வாரம் ஒன்பது பேர். அதில் ஐந்து பேர் புதியவர்கள். மூன்றாவது வாரம் முதல் வாரத்து ஆட்களில் மூன்று பேர்தான் மிச்சம்.

ஆர்வமில்லையோ என்று நினைத்தோம். தவறு. ஏ ஷிப்ட் போன வாரம், பி ஷிப்ட் இந்த வாரம், சி ஷிப்ட் அடுத்த வாரம். ஞாயிறு எல்லாருக்கும் ஞாயிறு இல்லை. ஹாஸ்டல் பெண்களுக்கு வாசல் கதவு மூடுகிற நேரம். காண்ட்ராக்ட் முடிந்தவர்கள் ஊருக்கே போய்விட்டார்கள். போகிறேன் என்று சொல்லக்கூட நேரமில்லை. ஒவ்வொரு வாரமும் முதல் பாட்டின் முதல் அடியிலிருந்தே திரும்பத் திரும்பக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். எட்டாவது வாரம் ஒரு பெண் கேட்டாள்: "அண்ணா, எங்க லைன்லயும் இப்படித்தான். புதுசா வர்றவங்களுக்கு டிரெய்னிங் குடுத்துக்கிட்டே இருப்பாங்க. நீங்க சூப்பர்வைசர் மாதிரியே கத்துக்குடுக்கிறீங்க." அவள் சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். எங்களுக்குச் சிரிப்பு வரவில்லை.

2023 ஏப்ரல் 21 அன்று, ஒரு நாளைக்கு 12 மணி நேரம்வரை வேலை வாங்க வழிசெய்கிற தொழிற்சாலைச் சட்டத் திருத்தம் தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. தொழிற்சங்கங்களின் எதிர்ப்பால் மே 1 அன்று திரும்பப் பெறுவதாக அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட அந்தப் பத்து நாளில் பேசப்பட்டதெல்லாம் உடம்பைப் பற்றி, கூலியைப் பற்றி. சேர்ந்திருக்கிற நேரத்தைப் பற்றிப் பேசியவர்கள் குறைவு. பாட்டுக் குழு என்பது முதலில் பல பேருடைய ஓய்வு ஒரே நேரத்தில் வாய்ப்பது. அது இல்லாத இடத்தில் குழுவை யார் 'நடத்துவது', எப்படி நடத்துவது?

3

இந்த மண்ணில் குழுப்பாட்டுக்கு இருந்த வடிவங்களைக் கொஞ்சம் திரும்பிப் பார்க்கலாம். ஸ்ரீபெரும்புதூர், ராமானுஜர் பிறந்த ஊர். வைணவக் கோயில்களின் அருளிச்செயல் கோஷ்டி, சேர்ந்து ஓதுவதற்குத் தமிழில் உருவான நீண்டகால அமைப்புகளில் ஒன்று. சுவாமி புறப்பாட்டில் தமிழ்ப் பிரபந்த கோஷ்டி முன்னால் போகும், வேத பாராயணம் பின்னால் வரும். தமிழுக்குக் கிடைத்த முன்னிடம் என்று இதைக் கொண்டாடுகிறவர்கள் உண்டு. கோஷ்டிக்குள் நிற்க யாருக்கு உரிமை என்று கேட்டால் மட்டும் அந்தக் கொண்டாட்டம் கொஞ்சம் தடுமாறும்.

பக்கத்தில் காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயிலில் வடகலை, தென்கலைத் தகராறு ஆங்கிலேயர் காலத்திலிருந்து நீதிமன்றப் படியேறி, நம் காலம்வரை தொடர்ந்திருக்கிறது. தகராறில் ஒரு பெரிய பகுதி, ஓதத் தொடங்கும்போது எந்த ஆசாரியருக்கான துதியை முதலில் சொல்வது, கோஷ்டியில் யாருக்கு இடம் என்பது. பாசுரங்கள் இரு தரப்புக்கும் பொது. சண்டை எடுப்பின் மீது. யார் தொடங்குகிறார்களோ அவர்களுடையதாகிவிடுகிறது குரல் முழுவதும். அன்றாடத் தமிழில் 'கோஷ்டி' என்ற சொல்லுக்குக் கட்சிக்குள்ளிருக்கும் பிளவு என்று அர்த்தம் வந்தது தற்செயலாக இருக்கலாம். ஆனால் சொற்களுக்கு ஞாபகம் உண்டு.

4

அடுத்து, சேர்ந்திசை. எம்.பி. சீனிவாசன் (1925–1988) கம்யூனிஸ்ட், திரை இசையமைப்பாளர். 1960ல் இடதுசாரிக் கலைஞர்கள் கூடி எடுத்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசையமைத்தவர். திரையிசைக் கலைஞர்களுக்குச் சங்கம் கட்டியவர்; இசைக்கிறதும் கூலி பெற வேண்டிய உழைப்புத்தான் என்று ஸ்டுடியோக்களில் நிலைநாட்டப் போராடியவர். அவர் உருவாக்கிய மெட்ராஸ் யூத் கொயர், பாரதி பாடல்களையும் இந்தியாவின் பல மொழிப் பாடல்களையும் குரல்களைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒன்றன்மேல் ஒன்று அடுக்கிப் பாடியது. ஒற்றைக் குரலின் மேதைமையைத் தவிர வேறெதையும் கேட்கத் தெரியாத சென்னைக் கச்சேரி உலகத்தில் இது எவ்வளவு பெரிய காரியம் என்பதை இடதுசாரி விமர்சகர்களே சரியாக எழுதிவைக்கவில்லை.

இந்த வடிவத்தின் தத்துவார்த்த பலம் ஒன்று உண்டு. நாலு பகுதிக் குரல்களில் ஒரு பகுதி வரவில்லையென்றால் பாட்டு ஊனமாகிறது. கீழ்ஸ்தாயிக்காரர்கள் அன்று இல்லையா, எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதாவது, இந்த அமைப்பில் இல்லாமை காதில் விழும். யாரும் யாருக்கும் பதில் ஆள் ஆகிவிட முடியாது.

இதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. எல்லாரும் ஒரே நேரத்தில், வாரக்கணக்கில், ஒரே கையசைவைப் பார்த்துப் பயிற்சி எடுக்க வேண்டும். நகரத்து அலுவலக, கல்லூரி நேரத்துக்கு அது பொருந்தியது. தண்டலத்தில் இரண்டாம் குரல் சி ஷிப்ட்டில் இருக்கும். மேலும், முன்னால் நின்று கையசைக்கிற அந்த ஒருவர்! எம்.பி.எஸ்.ஸின் கை தோழமையுள்ள கையாகத்தான் இருந்திருக்கும். ஆனால் நாள் முழுக்க லைன் ஓடுகிற வேகத்துக்குக் கையை அசைத்துவிட்டு வருகிறவர்களுக்கு, இன்னொருவர் கையைப் பார்த்து வாயைத் திறக்கச் சொல்கிறபோது உடம்புக்கு என்ன ஞாபகம் வரும் என்று நாம் யோசிக்க வேண்டும்.

5

மூன்றாவது, இயக்கங்களின் கலைக்குழு. நமக்கு அதிகம் பழக்கமானதும், ஆகவே நாம் அதிகம் கேள்வி கேட்காமல் விட்டதும் இதுதான். தமுஎச கலை இரவுகள், மக்கள் கலை இலக்கியக் கழகத்தின் ஒலிநாடாக்கள், கே.ஏ. குணசேகரனின் தன்னானே. இன்குலாப் எழுதிய 'மனுசங்கடா' குணசேகரனின் குரலில் கிளம்பி, யார் எழுதியது யார் பாடியது என்று தெரியாதவர்கள் வாயிலும் போய் உட்கார்ந்தது. ஒரு பாட்டுக்கு அதைவிடப் பெரிய வெற்றி கிடையாது. ஆனால் அந்த வெற்றி எத்தனை ஊரில் குழுவாக மாறியது? பாட்டைக் கேட்டுக் கைதட்டியவர்கள் தாங்களே ஒரு கண்ணியைக் கட்டிச் சேர்க்க இடம் இருந்ததா? பெரும்பாலும் பாட்டு மேலிருந்து வந்தது; ஊர் அதை வாங்கிப் பாடியது. வட்டாரக் குழு, கிளை என்று கட்சி அமைப்பு எப்படியோ அப்படியே பாட்டின் அமைப்பும்.

முன்பாட்டுக்காரர் ஒருவரே என்றால் அரசுக்கும் அது வசதி. 2015 அக்டோபரில் டாஸ்மாக்கை எதிர்த்துப் பாடியதற்காகக் கோவன் தேசத்துரோக வழக்கில் கைது செய்யப்பட்டார். பாட்டு அதற்குப் பிறகு இன்னும் பரவியது என்பது உண்மை. பாட்டைத் தேடி வந்த போலீசுக்குப் போகவேண்டிய வீடு எது என்று தெரிந்திருந்தது என்பதும் உண்மை.

இதோடு பறையைப் பற்றியும் பேசியாக வேண்டும். சாவுக்கு அடித்தே ஆகவேண்டும் என்று சாதி விதித்த கட்டாயத்தை மறுத்துப் பறையைக் கீழே போடுவதா, அதையே விடுதலையின் கருவியாக மீட்டெடுப்பதா என்று 1990களில் தலித் இயக்கங்களுக்குள் நடந்த விவாதம் இன்னும் முடிந்துவிடவில்லை. பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் தென்மாவும் சேர்ந்து உருவாக்கிய தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ், 2018 ஜனவரி 6 அன்று சென்னைக் கீழ்ப்பாக்கத்தில் மேடையேறியபோது, வடசென்னைச் சாவு வீட்டுக் கானா வேறொரு சபையைக் கண்டது. அயோத்திதாசரின் சிந்தனையிலிருந்து பெயரை எடுத்துக்கொண்ட அந்தக் குழுவின் முக்கியத்துவத்தைக் குறைத்துப் பேச நான் இல்லை. கானாவைப் பாட ஒரு பெண் (இசைவாணி) முன்னால் வந்து நின்றதே ஒரு உடைப்பு. ஆனால் அது மேடைக் குழு. மேடை கேட்கிறவர்களை உருவாக்கும். பாடுகிறவர்களை உருவாக்குவது வேறு வேலை. இரண்டையும் ஒன்றாக்கிக் குழப்பிக்கொள்வதுதான் நம் சிக்கல்.

6

தண்டலத்துக்குக் கிட்டத்தில் வரக்கூடிய அனுபவம் தமிழ்நாட்டில் இல்லை, தென்னாப்பிரிக்காவில் இருக்கிறது. சுரங்கத்துக்கும் ஆலைக்கும் கிராமங்களிலிருந்து வந்து ஆண்கள் மட்டும் அடைபட்டுக் கிடந்த தொழிலாளர் விடுதிகளில், சுலு மக்களிடையே 'இசிகத்தமியா' என்றொரு குழுப்பாட்டு வளர்ந்தது. பூனைமாதிரி மெத்தென்று அடியெடுத்து வைப்பது என்று பொருள் சொல்வார்கள். காவலர் காதில் விழாமல் ஆடப் பழகியதால் வந்த பெயர் என்று ஒரு கதையும் உண்டு. வாத்தியம் கிடையாது. சனிக்கிழமை ராத்திரி தொடங்கி ஞாயிறு விடியும்வரை போட்டி நடக்கும். அவர்களுக்கு இருந்த நேரம் அவ்வளவுதான். நேரமில்லாதவர்கள் தங்களுக்குக் கிடைத்த நேரத்தின் வடிவத்திலேயே ஒரு கலையைக் கட்டிக்கொண்டார்கள். (அதையும் கம்பெனி விட்டுவைக்கவில்லை. 1939ல் சாலமன் லிண்டா தன் குழுவோடு பாடிப் பதிந்த 'ம்புபே' உலகமெல்லாம் சுற்றிக் காசு பார்த்தது. லிண்டாவுக்குக் கிடைத்தது பத்து ஷில்லிங். அவர் 1962ல் இறந்தார். வாரிசுகளுக்கு ஏதோ தீர்வு வந்தது 2006ல்.)

இங்கே 2024 ஆகஸ்டில், ஸ்ரீபெரும்புதூருக்குப் பக்கத்தில் வல்லம் வடகாலில் 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குவதற்கான விடுதி வளாகம் திறக்கப்பட்டது. செலவு 706 கோடி ரூபாய்க்கு மேல். 2021 டிசம்பரில் விடுதிச் சாப்பாடு விஷமாகி, ஃபாக்ஸ்கான் ஆலைப் பெண்கள் நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்களே, அதற்குப் பிறகான காலத்தில் இந்த வளாகம் எழுந்திருக்கிறது. நல்ல குளியலறை, நல்ல சாப்பாடு வேண்டும்தான். நம் கேள்வி வேறு: பதினெட்டாயிரம் தொண்டைகள் ஒரே வளாகத்தில் இருக்கும்போது அங்கே என்ன பாட்டு உண்டாகும்? உண்டாக விடுவார்களா? தூங்குகிற ஷிப்ட்டுக்கு இடைஞ்சல் என்று சொல்லிவிட்டால் அதற்கு எதிர்வாதம் என்ன? இடைஞ்சல் என்பது உண்மையும்தானே! மெத்தென்று அடிவைக்கிற ஒரு பாட்டைத்தான் இங்கேயும் தேட வேண்டியிருக்கும்.

7

மறுபடி கடை மாடிக்கு வருகிறேன். சூப்பர்வைசர் என்று சொல்லப்பட்ட பிறகு நாங்கள் பாட்டுப் புத்தகத்தை மூடினோம். தெருக்கூத்தில் பின்பாட்டு எப்படி இயங்குகிறது என்று பார்த்தோம். வேடக்காரர் ஒரு அடி பாடுவார். பின்னால் நிற்கிறவர்கள் அதை வாங்கிக்கொள்வார்கள். அந்த இடைவெளியில் அவருக்கு மூச்சு கிடைக்கும். பின்பாட்டு என்றால் அடிமைப்பாட்டு என்று நினைத்திருந்தோம். இன்னொருவருக்கு மூச்சு வாங்கிக் கொடுக்கிற வேலை அது.

சுருதியிலும் கைவைக்க வேண்டியிருந்தது. ஆண்கள் ஒன்று, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள், பெண்கள் நாலரை, ஐந்து என்பது கச்சேரி வழக்கம். கலந்த குழுவில் ஆண் எடுத்தால் பெண்கள் கீழே மூழ்குவார்கள், அல்லது ஒரு ஸ்தாயி மேலே போய்க் கத்துவார்கள். எங்கள் குழுவில் எடுத்தது எப்போதும் நான். ஆகவே சுருதி எப்போதும் என்னுடையது. பெண்கள் வெட்கத்தால் வாய்திறக்கவில்லை என்று இரண்டு மாதம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு பெண்ணை எடுக்கச் சொன்ன அன்று வெட்கம் இடம் மாறி ஆண்கள் பக்கம் போனது. அதற்கப்புறம் வாரத்துக்கு ஒருவர் எடுப்பது, எடுத்தவர் சுருதிக்கு மற்றவர்கள் இறங்குவது அல்லது ஏறுவது என்று வைத்தோம். எட்டாதவர்கள் தாளம் போட்டார்கள். பல்லவி எல்லாருக்கும் பொது, நாலே சொல், யாரும் ஒரு நிமிஷத்தில் பிடித்துக்கொள்ளலாம். கண்ணி அவரவர் கட்டுவது, அவரவர் மொழியில். ஒடியாவில் வந்த கண்ணிக்கு எங்களுக்கு அர்த்தம் பிறகுதான் தெரிந்தது. அம்மா அனுப்பச் சொன்ன பணத்தைப் பற்றியது.

கூட்டம் நிலைத்தது. யார் வந்தாலும் சேரலாம், யார் போனாலும் பாட்டு நிற்காது. இதில் சந்தோஷப்பட்டுக்கொண்டிருந்தபோதுதான் உறைத்தது: யார் வந்தாலும் யார் போனாலும் வேலை நிற்காது என்பதுதானே காண்ட்ராக்டரின் கொள்கையும்! எம்.பி.எஸ்.ஸின் சேர்ந்திசையில் போனவருடைய இல்லாமை காதில் விழுந்தது. எங்களுடையதில் விழவில்லை. ஜனநாயகம் என்று நினைத்துக் கட்டினது, ஆளை ஆளால் நிரப்புகிற இயந்திரத்தின் நகலாக இருந்தது.

இதற்கு விடை ஒப்பாரியிலிருந்து வந்தது என்று சொன்னால் நாட்டுப்புறவியல் பேராசிரியர்கள் மகிழ்வார்கள். நடந்தது அவ்வளவு சுத்தமாக இல்லை. சூப்பர்வைசர் என்று சொன்ன அந்தப் பெண்ணுக்கு வேலை போயிற்று. ஊருக்குப் போய்விட்டாள். அடுத்த ஞாயிறு அவள் கண்ணி வருகிற இடத்தில் யாரும் எடுக்கவில்லை. தாளம் மட்டும் எட்டு எண்ணிக்கை ஓடியது. பிறகு பல்லவி. யாரும் திட்டமிடவில்லை. புதிதாக வந்த பையன் "ஏன் நடுவுல நின்னுட்டீங்க?" என்று கேட்டான். பக்கத்திலிருந்தவர் சொன்னார். அதற்குப் பிறகு அது வழக்கமாகிவிட்டது. போனவர் கண்ணி காலியாக ஓடும். கேட்கிறவர்களுக்குச் சொல்ல வேண்டும். குழுவுக்கு வரலாறு என்று ஒன்று உண்டானது அப்படித்தான், பாடாமல் விட்ட இடங்களிலிருந்து. ஒப்பாரியில் ஒவ்வொரு பெண்ணும் முறைபோட்டுத் தன் உறவைச் சொல்லி எடுப்பதையும், இல்லாத ஒருவரே அங்கே பாட்டின் நடுவில் இருப்பதையும் நான் யோசித்துப் பார்த்தது அதற்கு வெகுநாள் கழித்து.

தண்டலம் என்ற ஊர்ப்பெயருக்கு மூலம் தேட நான் புறப்படவில்லை. ஆனால் 'தண்டல்' என்ற சொல்லுக்கு வசூல் என்று ஒரு அர்த்தமும், படகில் வேலையாட்களுக்குத் தலைவன் என்று இன்னொரு அர்த்தமும் உண்டு. இரண்டும் ஒரே சொல்லில் இருப்பது பாட்டுக்குழு நடத்த நினைக்கிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. முன்னால் நிற்கிறவர் எதையாவது வசூலித்துக்கொண்டேதான் இருக்கிறார். கூட்டத்துக்கு ஆள், கட்சிக்கு உறுப்பினர், கட்டுரைக்கு விஷயம். இந்தக் கட்டுரையும் அந்த வசூல்தான் என்பதை ஒத்துக்கொள்கிறேன்.

இன்னொன்றையும் ஒத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வழியும் தோற்றது. ஒரு வருஷத்துக்குள் காலியான கண்ணிகள் பாடிய கண்ணிகளைவிட அதிகமாகிவிட்டன. தாளம் மட்டும் ஓடிக்கொண்டே இருந்தது. கடைசியில் பாட்டே ஒரு வெற்றிடமாகி, புதியவர்களுக்கு அது சாவு வீடு மாதிரி இருந்தது. வந்தவர்கள் சினிமாப் பாட்டு பாடலாமா என்று கேட்டார்கள். பாடினோம். அதில் தப்பில்லை. மாடியை விட்டபோது குழு இருந்ததா கலைந்ததா என்று சொல்லத் தெரியவில்லை. 2024 செப்டம்பரில் சுங்குவார்சத்திரம் பக்கத்தில் சாம்சங் தொழிலாளர்கள் சங்கப் பதிவு கேட்டு முப்பத்தேழு நாள் வேலைநிறுத்தம் செய்தபோது, நேரம் முதல்முறையாக அவர்கள் கைக்கு வந்திருக்கிறது என்று எனக்குத் தோன்றியது. வேலை நின்றால் பாட்டு நிற்கும் என்பது ஏற்றக்காரன் காலத்து விதி. வேலையை நிறுத்தித்தான் பாட்டைத் தொடங்க முடியும் என்பது இந்தக் காலத்து விதியோ என்னவோ.

பாட்டு எழுதுகிற தோழர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அடுத்த முறை ஊருக்குப் பாட்டு கொண்டுபோகும்போது முழுப்பாட்டைக் கொண்டுபோகாதீர்கள். பாதி அடியைக் கொண்டுபோங்கள். கம்பர் காத்திருந்த மாதிரி நாமும் ஒரு ராத்திரி காத்திருந்து பார்க்கலாம். மீதி அடி கம்பெனி பஸ்ஸில் ஏறிப் போயிருக்கிறது. அது எந்த ஷிப்ட்டில் திரும்பும் என்று அவர்களுக்குத்தான் தெரியும்.